தலையணை உயரத்தில்

கட்டில் வியாழக்கிழமை வரும் என்றார்கள்.
அதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.
தையல் மெஷின், ஒன்பது பெட்டி துணி,
செவெரின் இந்த வீட்டைவிட்டுப் போன வருடம்
எனக்கு நானே வாங்கிக்கொண்ட பச்சை நாற்காலி.
நாற்காலியை மட்டும் விட்டுவைத்தேன்.
யாராவது உட்கார வேண்டுமே.

செவிலி ஓத்திலியா படிவத்தை விரித்தாள்.
நோயாளியின் பெயர், வயது. எழுதினேன்.
பராமரிப்பவர்: நான்.
உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றது.
மனைவி என்று எழுதினால்
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு குறுக்கே வரும்.
எழுதாமல் விட்டேன்.
அவள் பார்த்தாள், தாளைப் புரட்டினாள்,
விரிப்பைப் பிடித்து ஆளை எப்படிப் புரட்டுவது என்று
என்னையே படுக்கவைத்துக் காட்டினாள்.

மார்பின் சொட்டு எத்தனை, எத்தனை மணிக்கு.
உதடு காய்ந்தால் ஈரப்பஞ்சு.
கடைசியில் மூச்சு விட்டுவிட்டு வரும்,
கேட்பவருக்குத்தான் அது கஷ்டம் என்றாள்.
பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள்,
இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.
குளிர்பெட்டியில் ஒட்டினேன், மின்சாரக் கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?"
கலினா போனில் அழுகிறாளா திட்டுகிறாளா தெரியவில்லை.
"அவரா கேட்டார்?"
அவன் கேட்கவில்லை.
ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒன்றே ஒன்று கேட்டான்:
அந்தச் சின்ன அறை ஜன்னலில்
டிராம் திரும்பும் வளைவு இன்னும் தெரிகிறதா என்று.
முப்பத்தோரு வருடம் அந்த வளைவில் வண்டி திருப்பியவன்.
தெரிகிறது என்றேன்.
பொய்யில்லை. தண்டவாளம் தெரிகிறது.
டிராம்தான் வருவதில்லை, போன இலையுதிர் காலத்திலிருந்து.

கீழ்வீட்டு லெஷெக்கிடம் சொல்லிவிடலாம் என்று இறங்கினேன்.
பதினொரு வருடமாக அவரோடு பேச்சு
துடைப்பக் கட்டை வழியாகத்தான்:
மேலே என் மெஷின் ஓடும், கீழே கூரையில் இடி விழும்.
"ஆக்ஸிஜன் இயந்திரம் வருகிறது, சத்தம் போடும்."
"ராத்திரியிலுமா?"
"ராத்திரியிலும்."
கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை.
லிஃப்ட் இல்லாத நான்கு மாடி,
இரண்டு பையன்கள், வியர்வை, கெட்ட வார்த்தை,
எல்லாம் தாண்டி வந்த கட்டில்
அறை வாசலில் நின்றுவிட்டது.
இரண்டு விரற்கடை போதவில்லை.
பையன்கள் தலையைச் சொறிந்தார்கள்.
படியேறி வந்தார் லெஷெக்,
வீட்டுச் செருப்பும் கையில் திருப்புளியுமாக.
ஒரு வார்த்தை பேசாமல் கதவைக் கழற்றினார்.

கீல் இருந்த இடத்தில்
என் பழுப்பு வண்ணத்துக்கு அடியில்
வெள்ளை.
கலினா பிறப்பதற்கு முன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க
நானும் அவனும் அடித்த வெள்ளை.
கதவு முழுக்க அது இருந்திருக்கிறது,
நான்தான் மேலே பூசியிருக்கிறேன்.

"இதை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்,
பிறகு மாட்டித் தருகிறேன்" என்றார் லெஷெக்.
சொன்னபின்தான் அவருக்கே உறைத்தது
அந்தப் பிறகு எந்தப் பிறகு என்று.
கதவைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கினார்.
திருப்புளியை மறந்துவிட்டார்.

இரவு நான் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.
தலையணை உயரத்திலிருந்து
தெருவிளக்கின் தொப்பி, எதிர்க்கட்டிடத்துப் புகைபோக்கி,
கொஞ்சம் வானம்.
வளைவு தெரியவில்லை.
ஜன்னல் திட்டு மறைக்கிறது.

பொத்தானை அழுத்தினேன்.
முதுகுப்பக்கம் முனகி எழுந்தது.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் ஒரு துளி.
பனிக்குள்ளிருந்து
இரும்பு இரண்டு கோடாக வந்து
மெதுவாகத் திரும்பியது.

அந்த உயரத்தில் நிறுத்தி
தையல் சாக்பீஸால்
கட்டில் சட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

எட்டு மணிக்கு வண்டி வரும்.
அதற்குள் பீட்ரூட் சூப் வைக்க வேண்டும்.
விழுங்க மாட்டான், தெரியும்.
படி ஏறும்போதே வாசனை வரட்டும்.